இளைக்க வைக்கும் கிருமியாம்!
ஒரு புதுப் பிரசாதப் புரட்டு

நம் நாட்டில் ஏமாற்றுக்காரன் பட்டினி கிடந்ததாகச் சரித்திரமே கிடையாது. தாயத்துக்காரன் போனால் யந்திரக்காரன் வருவான். யந்திரக்காரன் போனால் லேகியக்காரன் வருவான். இப்பொழுது இவர்களுக்கெல்லாம் அண்ணனாக ஒருவன் வந்து சேர்ந்திருக்கிறான். இவன் காவி கட்டுவதில்லை, விபூதி பூசுவதில்லை. வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியில் பார்த்த கிருமியின் படத்தைக் காட்டி, "உங்கள் குடலிலே நல்ல கிருமி குறைந்து போய்விட்டது, அதனால்தான் உடம்பு பருத்துவிட்டது, எங்கள் நற்கிருமி மாத்திரையை மூன்று மாதம் விழுங்குங்கள், இளைத்துப் போவீர்கள்" என்கிறான். இந்த நற்கிருமிக்குப் 'புரோபயாடிக்' என்று பெயர். செல்போனைத் திறந்தால் இவன்தான் முதலில் வந்து நிற்கிறான்.

தென்காசி, குற்றாலம் பக்கத்து ஜனங்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு புதிதல்ல. சாரல் காலம் வந்துவிட்டால் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வருகிற கூட்டத்துக்குக் கணக்கில்லை. "மலையிலுள்ள மூலிகைகளையெல்லாம் தொட்டுக்கொண்டு தண்ணீர் வருகிறது, குளித்தால் சகல வியாதியும் தீரும்" என்று சொல்லாதவர் யார்? எந்த மூலிகை, எந்த வியாதி, எத்தனை பேருக்குத் தீர்ந்தது, யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள், பதில் வராது. அருவியில் குளிப்பது சுகமான காரியம்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சுகம் என்பது வேறு, சிகிச்சை என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிற இடத்தில்தான் வியாபாரி கடை போடுகிறான்.

குற்றாலத்துத் தல புராணம் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. அங்கே நின்றுகொண்டிருந்த திருமாலின் தலையில் அகத்தியர் கை வைத்து அழுத்தி, குறுக்கிச் சிவலிங்கமாக்கிவிட்டாராம். அந்த அழுத்தத்தினால் சாமிக்குத் தலைவலி வந்ததாம். அதற்காகத் தைலம் தேய்க்கிறார்களாம். கை வைத்த மாத்திரத்தில் குறுகிப் போகிற உடம்பு புராணத்தில்தான் உண்டு, மனிதரிடத்தில் கிடையாது. மாத்திரைக்காரன் செய்கிற காரியம் என்னவென்றால், அந்த அகத்தியருடைய கையைத்தான் டப்பாவில் அடைத்து, இங்கிலீஷில் பேர் ஒட்டி விற்கிறான். வேறொன்றுமில்லை.

கிருமிக் கதையின் வரலாறு

"நீங்கள் விஞ்ஞானத்துக்கே விரோதியா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. விஞ்ஞானத்தின் பக்கம் நின்றுதான் பேசுகிறோம். ஆகையால் விஞ்ஞானம் சொன்னது எது, வியாபாரி சேர்த்தது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

மெச்னிகாஃப் என்கிற ருஷிய விஞ்ஞானி, பல்கேரியா நாட்டுக் குடியானவர்கள் புளித்த பால் சாப்பிடுவதால்தான் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று கருதினார். 1907-ம் வருஷத்தில் அந்த அபிப்பிராயத்தைப் புஸ்தகமாகவும் வெளியிட்டார். அடுத்த வருஷமே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது புளித்த பாலுக்காகக் கிடைத்த பரிசல்ல. உடம்பு நோயை எதிர்த்து நிற்கிற விதத்தைக் கண்டுபிடித்ததற்காகக் கிடைத்தது. தாமும் தினம் புளித்த பால் குடித்துவந்த அவர் 1916-ல் தமது 71-வது வயதில் காலமானார். 71 வயது அற்பமல்ல. ஆனால் அமிர்தம் உண்டவனுடைய வயதுமல்ல. பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. வேதத்துக்குச் சொல்லுகிற அதே நியாயம் விஞ்ஞானிக்கும் உண்டு.

பிறகு 2006-ம் வருஷத்தில் அமெரிக்காவிலே ஜெஃப்ரி கார்டன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும், பருத்த எலியின் குடல் கிருமிகளை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்குள் விட்டுப் பார்த்தார்கள். மெலிந்த எலியின் கிருமி விடப்பட்ட எலிகளைவிட இந்த எலிகளுக்குக் கொழுப்பு அதிகமாக ஏறிற்று. அருமையான பரீட்சைதான். குடல் கிருமிக்கும் உடல் பருமனுக்கும் ஏதோ சம்பந்தமிருக்கிறது என்று அது காட்டிற்று. ஆனால் அது எலி. எலிக்கு நடந்ததைக் கொண்டு மனிதனிடம் காசு வாங்குவது என்ன நியாயம்?

மனிதரிடத்திலும் பரீட்சை நடந்திருக்கிறது. 2010-ல் ஜப்பானில் 87 பேருக்கு 12 வாரம் புளித்த பால் கொடுத்துப் பார்த்தார்கள். லாக்டோபேசில்லஸ் காசெரி என்கிற கிருமி சேர்த்த பால் குடித்தவர்களுக்கு அடிவயிற்றின் உட்கொழுப்பு சுமார் 4.6 சதவீதமும், உடம்பின் எடை 1.4 சதவீதமும் குறைந்ததாக எழுதினார்கள். அந்தக் கிருமிக்குச் சொந்தக்காரரான பால் கம்பெனியின் ஆட்களும் அந்த ஆராய்ச்சியில் இருந்தார்கள். 2013-ல் 210 பேரிடம் மறுபடியும் பார்த்தபோது, பாலை நிறுத்தி நான்கு வாரத்துக்குள்ளாகவே கிடைத்த பலன் தேய ஆரம்பித்துவிட்டது. இந்தக் கடைசிச் சங்கதியை எந்த விளம்பரக்காரனாவது உங்களுக்குச் சொன்னானா?

அறுநூறு கிராம்!

இப்படித் தனித்தனியாக நடந்த பரீட்சைகளையெல்லாம் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். 2018-ல் அப்படியே செய்தார்கள். 15 பரீட்சைகள், மொத்தம் 957 பேர், எல்லோரும் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். நற்கிருமி சாப்பிட்டவர்களுக்குச் சாப்பிடாதவர்களைவிட எவ்வளவு எடை குறைந்தது தெரியுமா? சராசரி 0.6 கிலோ. அதாவது அறுநூறு கிராம்!

தோழர்களே! அருவியில் குளித்துப் பசியோடு வருகிற ஒருவன், பார்டர் கடையில் வயிறாரப் பரோட்டாவும் கறியும் சாப்பிட்டுத் தண்ணீரும் குடித்து எழுந்தால், அவன் உடம்பில் அந்த நிமிஷத்தில் கூடி நிற்கிற எடை ஏறக்குறைய இதுதான். இதற்காகவா மாதாமாதம் பணத்தைக் கொட்டி அழுவது? 90 கிலோ எடையுள்ளவருக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது நாலரை கிலோ குறைந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொஞ்சமாவது இறங்கும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். நாலரை கிலோ எங்கே, அறுநூறு கிராம் எங்கே?

இன்னொரு கணக்கும் பாருங்கள். மனிதன் உடம்பில் வாசம் செய்கிற கிருமிகள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். டப்பாவின்மேல் "500 கோடி உயிருள்ள கிருமிகள்!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து நாம் வாயைப் பிளக்கிறோம். வகுத்துப் பார்த்தால் அது 7,600-ல் ஒரு பங்கு. பெரிய எண்ணைச் சொல்லி மலைக்க வைப்பது முப்பத்து முக்கோடி தேவர் கணக்கு எழுதியவர்களிடம் கற்றுக்கொண்ட வித்தை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கறிக்கோழிப் பண்ணைக்காரரிடம் போய்க் கேளுங்கள். கோழித் தீவனத்தில் கலப்பதற்கென்று புரோபயாடிக் விற்கிறார்கள். எதற்காக? கோழி சீக்கிரம் எடை போடுவதற்காக! கோழிக்குக் கொடுத்தால் பருக்குமாம், மனிதனுக்குக் கொடுத்தால் இளைக்குமாம்! இரண்டும் ஒரே கிருமியல்ல என்று சொல்லுவார்கள். வாஸ்தவம்தான். அதைத்தான் நாமும் சொல்லுகிறோம். 'புரோபயாடிக்' என்பது ஒரு பொதுப் பெயர். எந்தக் கிருமி, எவ்வளவு, யாருக்கு, எந்த வியாதிக்கு என்று தெரியாமல் அந்தப் பெயரைக் கேட்டு மட்டும் வாங்குவது, 'சாமி' என்ற சொல்லைக் கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குச் சமானம்.

தயிரும் பழைய சோறும்

இனி நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அந்நியன் மாத்திரை எதற்கு? நம் முன்னோர்கள் முட்டாள்களல்ல; பழைய சோற்றிலும் தயிரிலும் கோடிக்கணக்கான கிருமி இருக்கிறது; அதைச் சாப்பிட்டதால்தான் அவர்கள் மெலிந்து திடமாக இருந்தார்கள்" என்று ஒரு கூட்டம் மார் தட்டுகிறது. தமிழன் பெருமை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்ட வேண்டுமா?

பழைய சோறு குடித்த நம் பாட்டன் மெலிந்திருந்தது உண்மை. காரணம் என்ன? விடிவதற்கு முன்னே வயலில் குனிந்தவன் பொழுது சாய்ந்துதான் நிமிர்ந்தான். மறு வேளைச் சோறு நிச்சயமில்லை. அவன் இளைத்திருந்தது கிருமியாலா, பட்டினியாலா? சரி, கிருமிதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். தயிரைக் கண்ணாலும் காணாத கூலிக்காரனுக்கு வயிறு ஒட்டியிருந்தது. தினந்தோறும் கட்டித் தயிர் சாப்பிட்ட மிராசுதாருக்குத் தொந்தி சரிந்திருந்தது. மிராசுதார் வீட்டுத் தயிரில் மட்டும் கிருமி வேலைநிறுத்தம் செய்துவிட்டதா? ஏழையின் பட்டினியை ஆரோக்கிய ரகசியமென்று புகழ்வதைப்போலக் கொடுமை வேறொன்றில்லை.

பழைய சோறும் தயிரும் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. நல்ல உணவுதான், நம் வெயிலுக்கு ஏற்றதுதான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி செய்ய முன்வந்திருக்கிறார்கள். அது குடல் அழற்சி நோயைப் பற்றிய ஆராய்ச்சி, இளைப்பதைப் பற்றியதல்ல. ஆராய்ந்து பார்த்துச் சொல்லட்டும், ஏற்றுக்கொள்வோம். அதற்குள்ளாகவே "நிரூபித்துவிட்டார்கள்" என்று செல்போனில் செய்தி பரப்புவதுதான் புரட்டு. உணவு உணவாக இருக்கட்டும். அதற்கு மருந்து வேஷம் போட வேண்டாம்.

வெட்கத்தை விற்கிற வியாபாரம்

இவ்வளவு அற்பமான பலனுள்ள சரக்கு எப்படி விலை போகிறது? இதுதான் முக்கியமான விஷயம். அவன் விற்பது கிருமியை அல்ல, நம்முடைய வெட்கத்தை.

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஊரில் இத்தனை பேருக்குள்ள ஒரு நிலைமையை நாம் எப்படி நடத்துகிறோம்? பெண் பார்க்க வருகிறவன் மாட்டுத் தரகன் மாதிரி ஏற இறங்கப் பார்க்கிறான். பிள்ளை பெற்ற பிறகு உடம்பு பருத்த மனைவியைப் புருஷன் நாலு பேர் முன்னிலையில் பரிகாசம் செய்கிறான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பட்டப் பெயர் வைக்கிறார்கள். "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று வீட்டிலுள்ளவர்களே குத்திக் காட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் தரித்திரனைப் பார்த்து "பூர்வ ஜென்ம கர்மம்" என்று சொன்னதற்கும், இன்றைக்குப் பருத்தவரைப் பார்த்து "உன் நாக்கின் குற்றம்" என்று சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் அடிபட்டவன் தலையிலேயே பழியைப் போடுகிற தந்திரம்.

உண்மை என்ன? உடல் பருமன் ஒரு குற்றமல்ல. தாய் தகப்பனிடமிருந்து வருகிற உடல்வாகு அதில் சேர்ந்திருக்கிறது. தைராய்டு கோளாறு சேர்ந்திருக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்கான சில மருந்துகள் எடையைக் கூட்டும். தூக்கக் குறைவு, உட்கார்ந்தே செய்கிற வேலை, மலிவாகக் கிடைக்கிற எண்ணெய்ப் பண்டம், சர்க்கரைப் பானம், பெண்கள் பயமில்லாமல் நடந்து வரத் தெருவில் இடமில்லாமை இவையெல்லாம் சேர்ந்திருக்கின்றன. இத்தனை காரணங்களையும் ஒரு மாத்திரை துடைத்துவிடும் என்பவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும். அல்லது நம்மை முட்டாள் என்று நினைத்தவனாக இருக்க வேண்டும்.

நஷ்டம் பணம் மாத்திரமா? அதுவுமல்ல. "கிருமி மாத்திரை சாப்பிடுகிறோமே" என்கிற தைரியத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர் உண்டானால் அவர் கதி என்ன? மூன்று மாதம் விழுங்கியும் இளைக்காத பெண், "என் உடம்புதான் சனியன்" என்று தன்னைத்தானே நொந்துகொள்வாளே தவிர, மாத்திரையைச் சந்தேகிக்கமாட்டாள். நேர்த்திக்கடன் பலிக்காவிட்டால் பக்தன் மேல் குற்றமே தவிர சாமி மேல் குற்றமில்லை என்பது மாதிரிதான்! நோய் எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு உயிருள்ள கிருமி சில சமயம் இரத்தத்தில் புகுந்து ஆபத்தையும் உண்டாக்கியிருக்கிறது.

அல்லாமலும், இளைக்க வைக்கும் சரக்கு என்று விற்கப்படுகிறவற்றில் கள்ள மருந்து கலப்பதும் உலகத்தில் நடந்துவருகிற காரியம். சிபுட்ராமின் என்று ஒரு மருந்து இருந்தது. அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகப்படுத்துகிறது என்று கண்டு 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தினார்கள். 2011-ல் நம் நாட்டிலும் தடை செய்தார்கள். அப்படியிருந்தும் 'மூலிகை', 'இயற்கை' என்று பெயர் ஒட்டிய டப்பாக்களில் அதைக் கலந்து விற்றதை அமெரிக்க சர்க்கார் பல தடவை பிடித்து எச்சரித்திருக்கிறது. 'இயற்கை' என்று எழுதியிருப்பதே பந்தோபஸ்து என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

சட்டம் தூங்குகிறது

இதைக் கேட்பதற்குச் சட்டமில்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1954-ம் வருஷத்திலேயே மருந்துகளும் மாய மருந்துகளும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. தாயத்தும் மந்திரமும் அந்தச் சட்டத்தின்படி மாய மருந்துதான். எந்தெந்த வியாதியைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஒரு ஜாபிதா இருக்கிறது. அந்த ஜாபிதாவில் உடல் பருமனும் ஒன்று! உணவு என்று சொல்லி விற்றால் தப்பலாம் என்று நினைத்தால், 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 2016-ல் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட சரக்கின் மேல், இது மருந்தாக உபயோகிப்பதற்கல்ல என்று அச்சிட்டாக வேண்டும். முன்பக்கத்தில் "இளைப்பாய்" என்று பெரிய எழுத்து. பின்பக்கத்தில் "மருந்தல்ல" என்று எறும்பு எழுத்து! இதைவிடப் பித்தலாட்டம் வேறு வேண்டுமா?

2024-ல் பதஞ்சலி கம்பெனியின் விளம்பரங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் கண்டித்து, அவர்கள் பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட நேர்ந்தது. அந்த மன்னிப்பாவது பழைய விளம்பரத்தின் அளவில் இருந்ததா என்று நீதிபதிகளே கேட்க வேண்டியதாயிற்று. அதோடு, இதுநாள்வரை அதிகாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றும் நீதிமன்றம் கேட்டது. நாமும் அதையேதான் கேட்கிறோம். சட்டம் எழுபது வருஷத்துக்கு மேலாகப் புஸ்தகத்தில் தூங்குகிறது. விளம்பரக்காரன் வீதியில் விழித்திருக்கிறான்.

செய்ய வேண்டியது என்ன?

ஆகவே தோழர்களே, இளைக்க வைக்கிறேன் என்று எவனாவது எதையாவது நீட்டினால் ஐந்தே ஐந்து கேள்வி கேளுங்கள். இதிலே எந்தக் கிருமி இருக்கிறது? அதே கிருமியை, அதே அளவில், எத்தனை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? எத்தனை கிலோ குறைந்தது? நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று? பதில் சொல்லத் தெரியாதவனிடம் பணம் கொடுக்காதீர்கள். "நம்பிச் சாப்பிட்டுப் பாருங்கள்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நம்பிக்கை கேட்கிற மருந்து மருந்தல்ல.

இடுப்பை அளந்து பாருங்கள். அதற்கு ஒரு தையற்கடை நாடா போதும். ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேலே போனால், வெட்கப்படாமல் வைத்தியரைப் பாருங்கள். தென்காசியில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உணவை மாற்றுவதும் தினம் நடப்பதும் மெதுவான வழிதான். ஆனால் பொய்யான வழியல்ல. அது போதாதவர்களுக்கு நிஜமான மருந்துகளும் இப்பொழுது வந்திருக்கின்றன. செமாக்ளுடைடு என்கிற ஊசி மருந்தை 68 வாரம் போட்டுப் பார்த்ததில், உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்துச் சராசரி நூற்றுக்குச் சுமார் 15 பங்கு எடை குறைந்ததாக 2021-ல் வெளியிட்டார்கள். அதற்கும் பக்க விளைவு உண்டு, விலை உண்டு, வைத்தியர் கண்காணிப்பும் வேண்டும். மிகவும் அதிகமான பருமனுக்கு அறுவை சிகிச்சையும் இருக்கிறது. இவையெல்லாம் அளந்து பார்த்த சிகிச்சைகள். ஏழைக்கும் இவை கிடைக்க வேண்டும் என்று சர்க்காரிடம் கேட்பதுதான் நியாயமே ஒழிய, பணக்காரனுக்கு வைத்தியம், ஏழைக்கு விளம்பரம் என்பது நியாயமல்ல.

வீட்டிலுள்ள ஆண்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். மனைவியையும் மகளையும் உடம்பைக் காட்டிப் பரிகாசம் செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பரிகாசம்தான் மாத்திரைக்காரனுக்கு முதல். பருத்த உடம்பில் இருக்கிறவர்களுக்கும் மெலிந்த உடம்பில் இருக்கிறவர்களுக்கும் மானம் ஒன்றுதான்.

தயிர் பிடித்தால் தயிர் சாப்பிடுங்கள். பழைய சோறு பிடித்தால் பழைய சோறு சாப்பிடுங்கள். சாரல் அடித்தால் குற்றாலத்துக்கு வந்து ஆனந்தமாகக் குளியுங்கள். ஆனால் எவன் எதைச் சொல்லி விற்றாலும், அருவியைக் காட்டினாலும் ஆராய்ச்சியைக் காட்டினாலும், "எங்கே கணக்கு?" என்று கேட்காமல் மடியை அவிழ்க்காதீர்கள்!